ஒற்றைக்கால் ஊதாக் கடற்காகம்

எங்கள் பறவைப் பெயரிடல் நிலையத்துக்குள் உயிருள்ள பறவைக்கு அனுமதி இல்லை. கூரையில் வந்து உட்காரும் புறாக்களை விரட்டவென்றே ஒரு ஆள் வேலையில் இருக்கிறார். உள்ளே இருக்கும் இருபத்தாறாயிரம் பறவைகளும் பஞ்சு அடைக்கப்பட்டு, மல்லாந்து, இழுப்பறைகளில் வரிசையாகப் படுத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டு தொங்கும். பறவையின் பெயர், இடம், தேதி, பிடித்தவர், பெயர் வைத்தவர். பிடித்தவர் பெயரைச் சின்ன எழுத்திலும் வைத்தவர் பெயரைப் பெரிய எழுத்திலும் எழுத வேண்டும் என்பது விதி. அந்தச் சீட்டை எழுதிக் கட்டுவது என் வேலை. பத்தொன்பது வருஷமாகத் தற்காலிகமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆபீசில் எனக்குப் பெயரே "சீட்டு" என்று ஆகிவிட்டது.

இந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் ஏமாந்துவிட்டோம் என்று யாரும் வருத்தப்படக் கூடாது.

கடற்காகம் என்றாலே எங்கள் நிலையத்துக்குக் கொஞ்சம் சங்கடம். அந்தப் பறவை குஞ்சிலிருந்து பெரிதாக நாலு வருஷம் பிடிக்கும். முதல் வருஷம் முழுக்கப் பழுப்பு. அடுத்த வருஷம் திட்டுத் திட்டாக இருக்கும். அதற்கடுத்து சாம்பலும் பழுப்பும் கலந்து, நாலாவது வருஷம்தான் வெள்ளை உடம்பும் சாம்பல் இறக்கையுமாக ஒரு ஒழுங்குக்கு வரும். எங்கள் முன்னோர்கள் அது சட்டை மாற்றிய ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். அப்பா ஒரு இனம், மூத்த பிள்ளை வேறு இனம், இளையவன் இன்னொரு இனம். இது தப்பு என்று கண்டுபிடிக்க முப்பது வருஷம் ஆயிற்று. ஒத்துக்கொள்ள இன்னும் இருபது வருஷம் ஆயிற்று.

அதற்கப்புறம் நாற்பது வருஷமாக நிலையம் எந்தப் பறவைக்கும் புதிதாகப் பெயர் வைக்கவில்லை. நூற்றாண்டு விழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. இயக்குநர் தினமும் காலையில் மாடிப்படி ஏறும்போதே, "ஏதாவது வந்துதா?" என்று கேட்பார். மருமகளிடம் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்கும் மாமியாரின் குரல் அது. "இல்ல சார்" என்று நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம்.

என் அக்கா மீன் சந்தையில் மீன் வெட்டித் தருகிறவள். உள்ளே நுழைந்ததும் இடது பக்கம், தண்ணீர்க் குழாயை ஒட்டி அவளுடைய மரமேசை. அத்தான் இறந்துபோனதிலிருந்து இருபத்தெட்டு வருஷமாக அந்த மேசைதான் அவள் குடும்பம். என்னைப் படிக்க வைத்ததும் அந்த மேசைதான். தம்பி கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லி, இந்த வேலைக்கு என்னை மனுப் போட வைத்தவளும் அவள்தான்.

அவள் மேசைக்குத் தினமும் ஒரு கடற்காகம் வரும். மேசை ஓரத்தில் நின்று, தலையைச் சாய்த்து, அவள் வெட்டுவதையே பார்த்துக்கொண்டிருக்கும். குடல் விழுந்தால் தின்னும், இல்லாவிட்டாலும் போகாது. வேலை வாங்குகிற தோரணை. அதனால் அக்கா அதற்கு "மேஸ்திரி" என்று பெயர் வைத்திருந்தாள். அவள் அதற்காக எந்தக் குழுவையும் கூட்டவில்லை. நான் போனால் மேஸ்திரி என் கையிலிருந்தும் வாங்கித் தின்னும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது மேஸ்திரியின் வலது கால் நல்ல ஊதா நிறத்தில் இருந்தது. இடது கால் எப்போதும்போல வெளிர் சிவப்பு. அக்காவைச் சுற்றி ஒரே கூட்டம், கேட்கவில்லை. மறுநாள் ஆபீசில் டீ குடிக்கும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையாவது கெட்டதோடு போயிற்று; என் வாயால் நான் கெடவில்லை, எனக்குக் கிடைத்தது பதவி.

இயக்குநர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஊதாக் காலா?" என்றார்.

"ஒரு கால்தான் சார்."

"ஒரே ஒரு கால்! இதுவரைக்கும் உலகத்துலயே கிடையாதேய்யா!"

மறுநாள் கள ஆய்வு. இயக்குநரும் இரண்டு நிபுணர்களும் பதினோரு பக்கப் படிவத்தோடு நானும் சந்தைக்குப் போனோம். நிபுணர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் எதைப் பார்த்தாலும் இரண்டாகப் பிரித்துவிடுவார். எங்கள் வளாகத்துக் காக்கைகளை மட்டும் மூன்று இனமாகப் பிரித்தவர். அவரை நாங்கள் "பிரிப்பார்" என்போம். இன்னொருவர் எதைப் பார்த்தாலும் எல்லாம் ஒன்றுதான் என்பார். கோழியும் வாத்தும் வேறு வேறு என்பதையே அரைமனதாகத்தான் ஒத்துக்கொண்டவர். அவர் "சேர்ப்பார்". இருவரும் ஒரே மேசையில் சாப்பிட மாட்டார்கள்.

மேஸ்திரி நாலடி தூரத்தில் நின்றது. நாலடியில் இருப்பதைத் தொலைநோக்கியில் பார்த்தால் வெறும் மங்கல்தான் தெரியும். எனவே மூவரும் பார்த்தபடியே பின்னால் நடந்து, கூடைகளை மிதித்து, கழிவு வாய்க்கால்வரை போய், அங்கிருந்து பார்த்துவிட்டு "அற்புதம்" என்றார்கள். பிறகு இயக்குநர் படிவத்தை என் கையில் தந்து, அக்காவிடம் கேள்விகளை ஆரம்பித்தார்.

"பறவையை முதலில் கண்டவர் யாரு?"

"நான்தாங்க. ரெண்டு மூணு வருஷமா வருது."

"கல்வித் தகுதி?"

"அஞ்சாவது."

இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். "கண்டவர்ங்கிற கட்டத்துல பட்டதாரிதாம்மா வர முடியும். உங்களை 'அருகில் இருந்தவர்'ங்கிற கட்டத்துல போட்டுக்கறேன்."

"என்னமோ போட்டுக்குங்க. அந்தக் கால் விஷயம் வந்து சார்..."

"கால் ஒன்பதாம் பக்கத்துல வருதும்மா. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இது அறிவியல்."

ஆறாம் பக்கத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்து, "டேய், அந்தக் கால்ல..." என்றாள். "அப்புறம்க்கா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். மீதிப் பக்கங்களை ஆபீசில் உட்கார்ந்து அவர்களே நிரப்பிக்கொண்டார்கள்.

பெயரிடல் குழு அந்த வாரமே கூடியது. சேர்ப்பார் முதலில் எழுந்து, "இது சாதாரணக் கடற்காகம். கால்ல ஏதோ பட்டிருக்கு" என்றார். முப்பது வருஷத்தில் அவர் சொன்னதிலேயே சரியான வாக்கியம் அதுதான். ஆனால் அவர் எல்லாப் பறவைக்கும் இதையே சொல்லிச் சொல்லிப் பழகியிருந்ததால் யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை.

அடுத்து லத்தீன் பெயர். நிலையத்தில் லத்தீன் தெரிந்த கடைசி ஆள் ஓய்வுபெற்றுப் பதினைந்து வருஷம் ஆகிறது. அதனால் எதிர்த்த தெருவிலிருந்து மருந்துக் கடைக்காரரை அழைத்து வந்திருந்தார்கள். டாக்டர் சீட்டையே படிக்கிறவருக்கு லத்தீன் வராதா என்ற நம்பிக்கை. அவர் மேஸ்திரியின் புகைப்படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க கடையில புண்ணுக்குப் போட விக்கிற ஊதா மருந்து கலர் மாதிரி இருக்குதே சார்" என்றார்.

"உங்களைக் கூப்பிட்டது லத்தீனுக்கு. கலருக்கு இல்ல" என்றார் இயக்குநர். கடைக்காரர் கும்பிட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த இரண்டு களிம்புகளின் பெயரைச் சேர்த்து ஒரு லத்தீன் பெயர் எழுதிக் கொடுத்தார். அதன் பின்னால் இயக்குநரின் பெயரை ஒட்டினார்கள். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது அநாகரிகம் என்று ஒரு மரபு உண்டு. அதனால் பிரிப்பார் இதற்கு இயக்குநர் பெயரை வைப்பது, அடுத்து வருவதற்கு இயக்குநர் பிரிப்பாரின் பெயரை வைப்பது என்று ஒப்பந்தம். அக்காவின் பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"இனி உடம்பு வேணும்" என்றார் இயக்குநர்.

எனக்குப் புரிந்தது. எங்கள் முறைப்படி, ஒரு புதுப் பெயரைக் காற்றில் விட முடியாது. ஒரு உடம்பில் கட்டித்தான் ஆக வேண்டும். உலகம் உள்ளவரை அந்த இனம் என்றால் அந்த உடம்புதான். பத்தொன்பது வருஷம் சீட்டுக் கட்டியவனுக்கு இது தெரியாதா? ஆனாலும் கேட்டேன்.

"சார், அந்த மாதிரி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"அதனாலதான்யா அவசரம்! அது தானாச் செத்துப்போயிட்டா என்ன பண்றது?" என்றார். பிறகு எழுந்து நின்று, குழு முழுவதும் கேட்கும்படி சொன்னார்: "உயிரோட இருக்கிற பறவையை நம்பி எந்த நிலையமும் பெயர் வைக்க முடியாது. இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் பறந்துடும். இளைக்கும், றெக்கை உதிரும். செத்த பறவைதான் சொன்ன சொல் மாறாது. அப்புறம் இன்னொண்ணு. பெயர் இல்லாத பறவையைச் சட்டம் காப்பாத்தாது. பெயர் வைக்கணும்னா உடம்பு வேணும். ஆகவே இந்தப் பறவையைக் காப்பாத்தணும்னா முதல்ல அதைக் கொன்னாகணும். வேற வழி தெரிஞ்சவங்க சொல்லலாம்."

யாருக்கும் தெரியவில்லை. சேர்ப்பார் மட்டும் கையைத் தூக்கினார். சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்கத்தான்.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர் என் தோளில் கை போட்டார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. "அது உங்ககிட்டதானே வரும்? வேற யார் போனாலும் பறந்துடும். முடிச்சுக் கொடுங்க, விழா அன்னிக்கு உங்களை நிரந்தரம் பண்ணிடலாம்" என்றார்.

மறுநாள் மூடி போட்ட கூடையோடு சந்தைக்குப் போனேன். "ஆபீசுல அளந்து பாக்கணுமாம்க்கா. சாயங்காலம் விட்டுடுவோம்" என்றேன். அக்கா கத்தியைக் கழுவிக்கொண்டே, "பயந்துக்கப் போகுது, பாத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு ஐஸ் எடுக்கப் போனாள். நான் ஒரு மீன் துண்டைக் கூடைக்குள் வைத்தேன். மேஸ்திரி மேசையிலிருந்து என் கைமேல் ஏறி, கையிலிருந்து கூடைக்குள் இறங்கியது. நான் அதைப் பிடிக்கவே இல்லை. மூடியை மட்டும் மூடினேன். வெட்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜீப்பில் கூடையை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பஞ்சு அடைப்பவர் தன் வேலையை இரண்டு நாளில் முடித்து என்னிடம் அனுப்பினார். காலைத் துடைத்துவிட்டுத்தான் சீட்டுக் கட்ட வேண்டும் என்பது விதி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் வலது காலைத் துடைத்தேன். பஞ்சு ஊதாவாயிற்று. இன்னொரு பஞ்சு எடுத்தேன், அதுவும் ஊதா. நாலாவது பஞ்சில் கால் வெளிர் சிவப்பாகிவிட்டது. கணுவுக்கு மேலே சுற்றிலும் ஒரு வடு. ஏதோ நூல் இறுக்கி அறுத்து, ஆறிக்கொண்டிருந்த புண்.

பஞ்சு அடைப்பவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "நான் ஒண்ணும் பாக்கல. பஞ்சு என்னுது, கால் உன்னுது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

நான் பறவையைத் தூக்கிக்கொண்டு இயக்குநரிடம் ஓடினேன். அவர் காலைப் பார்க்கவில்லை.

"சீட்டு எழுதியாச்சா?"

"ஆச்சு சார்."

"என்ன எழுதியிருக்கு?"

"வலது கால் ஊதான்னு."

"அப்புறம் என்ன சந்தேகம்? சீட்டும் பறவையும் ஒத்துப்போகலன்னா எதை மாத்தணும்? விதிப் புத்தகத்தைப் பாருங்க. சீட்டுல அடித்தல் திருத்தல் கூடாதுன்னு தெளிவா இருக்கு. பறவையில கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?"

இல்லை. அன்று சாயங்காலம்வரை தேடினேன், எங்கேயும் இல்லை. கடைசியில் ரப்பர் முத்திரைக்கான மைப்பெட்டியைத் திறந்து, அந்த ஊதா மையைத் தூரிகையில் தொட்டு, மேஸ்திரியின் வலது காலுக்கு நானே பூசினேன். வடு தெரியாதபடி இரண்டு தடவை பூசினேன். பிறகு சீட்டைக் கட்டினேன். பிடித்தவர் என்ற இடத்தில், சின்ன எழுத்தில், என் பெயர்.

அக்கா கேட்டபோது, "விட்டாச்சுக்கா, நல்லா பறந்து போச்சு" என்றேன். அவள் ஒரு வாரம் மேசை ஓரத்தில் கொஞ்சம் குடலை ஒதுக்கி வைத்தாள். அதற்கப்புறம் நான் சந்தைப் பக்கமே போகவில்லை.

ஒற்றைக்கால் ஊதாக் கடற்காகம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஒரே மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் அதைப் பார்த்ததாகக் கடிதம் எழுதினார்கள். அதில் பாதிப் பேர் இடது கால் ஊதா என்று எழுதியிருந்தார்கள். பிரிப்பார் உடனே அதைத் தனி உள்ளினம் ஆக்கி, இயக்குநரிடம் ஒப்பந்தத்தை நினைவூட்டினார். பறவையின் எண்ணிக்கை பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை போயிற்று: "உறுதிசெய்யப்பட்டது ஒன்று. அதுவும் எங்கள் பதினாலாம் எண் அலமாரியில் முழுப் பாதுகாப்புடன் உள்ளது." வேறு எந்த நாடும் ஒரு இனத்தை நூற்றுக்கு நூறு பாதுகாத்ததில்லை என்று இயக்குநர் விழா மலரில் எழுதினார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பெயர் வந்தால் சட்டம் வரும், சட்டம் வந்தால் வாழிடம் வரும். பறவை முதலில் கிடைத்த இடத்தில் அதற்குத் தொந்தரவு கூடாது. அந்த இடம் எது? நானே சீட்டில் எழுதியிருந்தேன்: மீன் சந்தை, இடது பக்கம், குழாயை ஒட்டிய மேசை. அங்கே மீன் வெட்டுவது பறவையின் அமைதியைக் குலைக்கும் என்று குழு முடிவு செய்தது. மேசையை அகற்றி, வேலி போட்டு, பலகை நடுவது. ஆட்சேபம் இருந்தால் எழுதிய மனுவோடு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வரலாம்.

அந்த நோட்டீசை எடுத்துக்கொண்டு ஞாயிறு மத்தியானம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"இதுல என்னடா எழுதியிருக்கு? நான் தொந்தரவு பண்றேனாம். யாருக்குடா தொந்தரவு? வேற எங்க போய் மேசை போடுவேன்? ஐம்பத்தெட்டு வயசுல எனக்கு யார் இடம் தருவா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அந்தக் கால்ல நைலான் நரம்பு சுத்திக்கிட்டு இருந்துச்சுடா. மூணு நாள் ஏமாத்தி ஏமாத்திப் பிடிச்சு அறுத்து எடுத்தேன். புண்ணுக்குத் தினம் மருந்து போட்டேன். அதுதான் ஊதா. உங்க ஆபீசரு சொல்லவே விடல. நீயாவது சொல்லு, அந்தப் பறவையைத் திரும்பப் பிடிச்சுக் காலைக் கழுவிப் பாக்கச் சொல்லு."

"கழுவியாச்சுக்கா" என்றேன். எனக்கே கேட்காத குரல். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கூடை, பஞ்சு, மை, பதினாலாம் எண் அலமாரி.

"அப்ப விட்டுட்டேன்னு சொன்னது?"

"பொய்க்கா."

வெகுநேரம் நோட்டீசையே மடித்து மடித்துப் பிரித்தாள். பிறகு, "கூடைக்குள்ள கத்துச்சாடா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. சும்மாதான் இருந்துச்சு."

"ஆமா. உன்னைத்தான் தெரியுமே அதுக்கு."

என்னை அவள் நாலு அறை அறைந்திருக்கலாம். அறையவில்லை. போகும்போது சொன்னாள்: "போனது போச்சு. வியாழக்கிழமை நீ பாத்ததை மட்டும் வந்து சொல்லிடு. கழுவினேன், கலர் போச்சுன்னு ஒரு வார்த்தை. வேற எதுவும் வேணாம். மேசை மட்டும் இருந்தாப் போதும் எனக்கு."

"சொல்றேன்க்கா" என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

வியாழக்கிழமை கூட்ட அறையில் மேஸ்திரி கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தது. அக்கா நல்ல புடவை கட்டி, தலையை அழுந்த வாரிக்கொண்டு வந்திருந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தவள் பெட்டியை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பதறாமல், நரம்பு சுற்றியது, மருந்து போட்டது எல்லாவற்றையும் சொன்னாள். மருந்துப் பாட்டிலைக்கூட எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பிரிப்பார் பாட்டிலைத் தொடாமல், குனிந்து பார்த்தார். "இது வேற ஊதா. பறவையில இருக்கிற ஊதா கொஞ்சம் நீலம் கலந்தது" என்றார். அது உண்மைதான். முத்திரை மை கொஞ்சம் நீலம் கலந்ததுதான்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, நீங்க படிக்காதவங்க. அதனால பொறுமையாச் சொல்றேன். இந்தப் பறவை பொய்யின்னா, இதுக்கு வச்ச பெயர் பொய். பெயர் பொய்யின்னா, பெயர் வச்ச குழு பொய். குழு பொய்யின்னா இந்த நூறு வருஷ நிலையமே பொய். நூறு வருஷ நிலையம் பொய் சொல்லுமா? சொல்லாது. அப்ப இந்தப் பறவை உண்மை. இதைவிட எளிமையா அறிவியலைச் சொல்ல முடியாது. இருந்தாலும் நாங்க நியாயமானவங்க. காலைச் சுத்தம் பண்ணினது யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"சீட்டு, நீங்க சொல்லுங்க. துடைச்சப்போ கலர் போச்சா?"

அவர் முன்னால் ஒரு கோப்பு திறந்திருந்தது. என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு. மூடி கழற்றிய பேனாவை அதன்மேல் வைத்திருந்தார்; கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். ஸ்கூலில் நான் மேடையில் செய்யுள் ஒப்பிக்கும்போது கூட்டத்துக்கு நடுவிலிருந்து இப்படித்தான் ஆட்டுவாள்.

"இல்ல சார்" என்றேன். "கலர் போகல."

இதை எழுதும்போதும் காது சுடுகிறது. யாரும் என்னை மிரட்டவில்லை. கேட்டார்கள், சொன்னேன், அவ்வளவுதான்.

இயக்குநர் அக்கா பக்கம் திரும்பினார். "கேட்டீங்களாம்மா? உங்க கூடப்பிறந்தவர் இவரு. கலர் போச்சுன்னு இவரே உங்ககிட்ட சொன்னதா மனுவுல எழுதியிருக்கீங்க. இப்ப இல்லைங்கறாரு. ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய். இவர் பொய்யின்னா இன்னியோட இவருக்கு இங்க வேலை இல்ல. நீங்க பொய்யின்னா மனுவை வாபஸ் வாங்கிட்டுப் போகலாம். யாருன்னு நீங்களே சொல்லிடுங்க."

அக்கா மருந்துப் பாட்டிலை எடுத்து, மூடியை இறுக்கி, பைக்குள் வைத்தாள். அதற்கு அவ்வளவு நேரம் ஆகாது, அவளுக்கு ஆயிற்று.

"என் தம்பி பொய் சொல்ல மாட்டான் சார்" என்றாள். "அவன் அப்படிச் சொன்ன மாதிரி எனக்குத்தான் தப்பா ஞாபகம். வயசாச்சு பாருங்க."

"அதைத்தான் நாங்களும் நினைச்சோம்" என்றார் இயக்குநர் அன்பாக. மனுவை வாபஸ் பெறும் தாளை என்னிடம் நீட்டி, இந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதினேன். அக்கா வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்து, கையெழுத்துப் போட்டாள். பிறகு இயக்குநர் என் கோப்பில் கையெழுத்துப் போட்டார். சேர்ப்பார் மட்டும் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை ஜீப்பில் வேலிக் கம்பியையும் பலகையையும் ஏற்றினார்கள். என்னையும் ஏற்றினார்கள், நிரந்தர ஊழியனாக என் முதல் வேலை. பலகையில், "ஒற்றைக்கால் ஊதாக் கடற்காகத்தின் வாழிடம். அமைதி காக்கவும்" என்று எழுதியிருந்தது. என் எழுத்துதான்.

அக்கா யாரும் சொல்வதற்கு முன்பே மேசையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். கத்திகள் சாக்கில் சுற்றியிருந்தன. பக்கத்து மேசைப் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். மேசை நல்ல கனம், ஒற்றை ஆளால் தூக்க முடியாது. அவள் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நான் போய் மறுபக்கத்தைப் பிடித்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "விரலை மடக்கிப் பிடி, நசுங்கிடும்" என்றாள்.

தூக்கினோம். பத்தடி போயிருப்போம். பின்னாலிருந்து இயக்குநரின் குரல் வந்தது. போட்டோக்காரர் வந்துவிட்டார், பலகையைப் பிடிக்க ஆள் வேண்டும், சீட்டு எங்கே என்று கேட்டார்.

நான் நின்றேன். மேசையின் கனம் முழுவதும் கையில் தெரிந்தது. அக்கா தன் பக்கத்தை மெதுவாக இறக்கி வைத்தாள், நான் இறக்க வசதியாக.

"போடா," என்றாள், "கூப்பிடறாங்க பாரு."

போனேன்.